சவ்வு வழியே புரதம் போகாது என்றேன்

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடம். முதல் நாள் மாலை பெய்த மழை புழுக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. வானம் மூடியிருந்தது, காற்று அசையவில்லை. இரும்புலியூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் கிருமி பரவக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல் இரண்டையும் சாத்தி, நானும் என் மனைவியும் முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் வயிற்றிலிருந்து இளமஞ்சள் நிறத் தண்ணீர் குழாய் வழியே தரையில் வைத்திருந்த பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து அன்று ஒரு சோதனை செய்வதாக இருந்தேன். அதன் முடிவு எனக்கு முன்பே தெரியும் என்றும் நினைத்திருந்தேன்.

அவளுக்கு அப்போது அறுபத்தொன்பது வயது, எனக்கு எழுபத்துநான்கு. சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டதால் அந்த ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதியிலிருந்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துவந்தோம். பலருக்கும் தெரிந்தது ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கையில் ஊசி குத்தி, ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்யும் முறை. இது வேறு. வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாயை நிரந்தரமாக வைத்துவிடுவார்கள். அதன் வழியே இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். குடலைச் சுற்றியிருக்கும் சவ்வின் வழியாக ரத்தத்தில் உள்ள கழிவு மெல்ல அந்தத் தண்ணீருக்குள் வந்து சேரும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை.

ஊசியென்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். வாரம் மூன்று நாள் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஆட்டோவில் போய், நான்கு மணி நேரம் படுத்திருந்து, தள்ளாடிக்கொண்டு திரும்புவதைவிடத் தன் வீட்டில் தன் நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொள்வதையே அவள் விரும்பினாள். "எனக்கு இது போதும்ங்க. இதைக் கெடுத்துடாதீங்க" என்று முதல் வாரத்திலேயே என்னிடம் சொல்லியிருந்தாள்.

கெடுக்கக் கூடாது என்றுதான் நானும் இருந்தேன். உள்ளே விட்டது எவ்வளவு, வடிந்தது எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் பையைக் கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்து எழுதிவைத்தேன். பிப்ரவரி 3 முதல் ஜூன் 17 வரை 136 நாள், 544 முறை. ஒருமுறைகூடத் தவறவில்லை. ஒருமுறைகூடக் கிருமித் தொற்று வரவில்லை. தினமும் காலையில் அவளுடைய எடையையும் பார்ப்பேன். ஆரம்பித்த அன்று 54.2 கிலோ, ஜூன் 17 அன்று 54.6. எடை குறையவில்லை, ஆகவே எல்லாம் சரியாகப் போகிறது என்பது என் கணக்கு.

சாப்பாட்டுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியபோது, புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதை வைத்து ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். பருப்பு ஒரு சிறு கரண்டி. பால் அரை டம்ளர். முட்டை, மீன், சுண்டல், பயறு கிடையாது. அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் சாப்பிட்டு வளர்ந்தவள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அந்தத் தாளின்படி நடந்தாள்.

டயாலிசிஸ் தொடங்கியபோது ஆஸ்பத்திரியில் வேறொரு தாளைக் கொடுத்தார்கள். அதில் தினமும் இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, பருப்பு, மீன் என்று எழுதியிருந்தது. அதைப் படித்தேன். எல்லா நோயாளிகளுக்கும் பொதுவாக அச்சடித்துக் கொடுப்பது என்று முடிவு செய்து, கோப்பில் பதினொன்றாவது தாளாக வைத்துவிட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் பழைய தாளே இருந்தது.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் ஸ்கூட்டரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஊரப்பாக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும். ஜூன் 17, திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு, மழைக்குச் சற்று முன்னால் வந்தார். கையில் ரத்தப் பரிசோதனை அறிக்கை. ரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டுமாம், இவளுக்கு 2.6. அடுத்த ரத்தப் பரிசோதனை ஆறு வாரத்தில். அதிலும் ஏறாவிட்டால் வீட்டு முறையை நிறுத்திவிட்டு இயந்திரத்துக்கு மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

என் மனைவியின் முகம் வெளிறிவிட்டது. நான் உடனே எடைக் குறிப்பை எடுத்துக் காட்டினேன். நர்ஸ் அதைப் பார்க்கவில்லை. அவளுடைய காலைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா சார்? நீங்க எழுதி வச்சிருக்கற ஐம்பத்தி நாலுல பாதி கதை இதுதான். சதை எல்லாம் போய்டுச்சு. அந்த எடத்துல தண்ணி நிக்குது."

எடைக் குறிப்பை மூடி வைத்தேன். அவர் விடவில்லை.

"அம்மா முட்டை சாப்பிடறாங்களா?"

"சாப்பாடெல்லாம் கணக்காத்தான் போகுது."

"கணக்கு இருக்கட்டும் சார். முட்டை?"

"முட்டையக் கண்ணால பாத்தே ரெண்டு வருஷம் ஆச்சும்மா" என்றாள் என் மனைவி.

நர்ஸ் எழுந்துபோய் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இது எப்ப எழுதினது சார்?"

"டயாலிசிஸுக்கு முன்னாடி. டாக்டர் சொல்லித்தான் எழுதினேன்."

"அப்ப சரி சார், இப்ப தப்பு. இப்ப தினம் நாலு தடவ தண்ணியோட புரோட்டீன் போய்க்கிட்டே இருக்கு. போறத சாப்பிட்டு ஈடுகட்டணும். நாங்க ஆஸ்பத்திரில குடுத்த ஷீட்ல இருக்கே."

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நான் தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன். ஒவ்வோர் ஆண்டும் இதையே வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். செலோபேன் தாளைப் பைபோலக் கட்டி, அதற்குள் முட்டை வெள்ளைக்கருவையும் உப்புத் தண்ணீரையும் விட்டு, ஒரு பீக்கர் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். அரை மணி கழித்து வெளித் தண்ணீரைச் சோதித்தால் உப்பு வந்திருக்கும், முட்டை வந்திருக்காது. உப்பின் துகள் சிறியது, சவ்வின் துளைக்குள் நுழைந்துவிடும். புரத மூலக்கூறு பெரியது, நுழையாது. முப்பத்தொரு முறை செய்தேன். முப்பத்தொரு முறையும் நுழையவில்லை.

"சிஸ்டர், சவ்வு வழியா உப்பு போகும், யூரியா போகும், சர்க்கரை போகும். புரோட்டீன் போகாது. மாலிக்யூல் பெருசு. இத நான் முப்பத்தோரு வருஷம் பசங்களுக்கு செஞ்சு காட்டியிருக்கேன்."

"எதுல சார் செஞ்சு காட்டினீங்க?"

"செலோபேன் தாள்ல."

"நீங்க செலோபேன்ல பண்ணீங்க சார். இது அம்மா வயிறு."

என் மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வெகுநாள் கழித்துச் சிரித்தாள். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "நான் சொன்னா நம்ப மாட்டீங்க. கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே, நீங்களே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு எனக்கு போட்டோ அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்துவிட வேண்டியதுதான் என்று அன்று மாலையே ஒரு நோட்டில் முறையாக எழுதினேன். நோக்கம்: வயிற்றுச் சவ்வின் வழியே புரத மூலக்கூறுகள் கசிகின்றனவா என அறிதல். தேவையான பொருள்கள். செய்முறை. அதன்பின் கை ஓடிய வேகத்தில் கடைசி வரியையும் எழுதிவிட்டேன். முடிவு: புரதம் கசிவதில்லை.

செய்முறைத் தேர்வு ரெக்கார்டு நோட்டில் சோதனையைச் செய்வதற்கு முன்பே முடிவை எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகளை நான் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். எழுதும்போது அது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

காலையில் தண்ணீர் முழுவதும் வடிய இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. குழாயை அடைத்து, புதுத் தண்ணீரை உள்ளே விட்டு, அவள் வயிற்றுக் குழாயை மூடி முடித்த பிறகு வடிந்த பையின் மூலையைக் கத்தரித்து ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்தேன். புதுப் பையின் அடியில் மிஞ்சிக் கிடந்த, உடம்புக்குள் போகாத தண்ணீரை இன்னொரு டம்ளரில் எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். புரதம் இருந்தால் ஊதா நிறம் காட்டும் வழக்கமான சோதனைக்கு மயில்துத்தமும் காஸ்டிக் சோடாவும் வேண்டும். இரண்டும் வீட்டில் இல்லை. அதனால் இன்னும் பழைய முறை. சோதனைக் குழாயில் முக்கால் பங்கு நிரப்பி, மேல்பகுதியை மட்டும் கொதிக்கவைத்து, சில சொட்டு வினிகர் விட வேண்டும். புரதம் இருந்தால் மேல்பகுதி வெந்து வெளுக்கும். அடிப்பகுதி தெளிவாகவே இருக்கும். வினிகர் விட்டும் வெளுப்பு கரையவில்லையென்றால் அது புரதம்தான்.

ஊதுபத்தி போட்டுவைத்திருந்த பழைய சோதனைக் குழாய்கள் இரண்டு இருந்தன. மூன்று தண்ணீரில் கழுவினேன். துணி காயப்போடும் கிளிப்பால் கவ்விப் பிடித்துக்கொண்டு, சமையலறையில் கேஸ் அடுப்பைச் சிறியதாக வைத்தேன். என் மனைவி சுவரைப் பிடித்தபடி வந்து மேசையருகே உட்கார்ந்தாள்.

முதலில் புதுத் தண்ணீர். கொதித்தது, குமிழி வந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. வினிகர் விட்டும் மாற்றமில்லை.

அடுத்து வடிந்த தண்ணீர். கொதி வருவதற்கு முன்பே மேல்பகுதியில் ஒரு மங்கல் தெரிந்தது. புகை பட்டிருக்கும் என்று குழாயை வெளியே எடுத்துத் துடைத்தேன். மங்கல் உள்ளே இருந்தது. மறுபடி காட்டினேன். பால் கலந்ததுபோல ஆயிற்று. வினிகர் நான்கு சொட்டு விட்டேன். கரையவில்லை. பொடிப்பொடியாகத் திரண்டு மெல்லக் கீழே இறங்கியது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"முட்டை வெள்ளை வேகற மாதிரி இருக்கே?"

குழாயைக் கழுவி மறுபடி செய்தேன். மூன்றாவது முறையும் செய்தேன். மூன்று முறையும் வெளுத்தது. புதுத் தண்ணீரை இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன், தெளிவாகவே இருந்தது. அடுப்பை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

"என்னங்க, பாஸா ஃபெயிலா?" என்றாள்.

"ஃபெயில்."

"யாரு, நானா?"

"நான்."

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கவும் தயக்கமாக இருந்தது. "பசிச்சுதா உனக்கு, இத்தனை நாளா?" என்றேன்.

"பசின்னு சொல்ல முடியாது. கால்லதான் பலமே இல்ல. மாடிப்படில ரெண்டாவது படியிலேயே நின்னுடுது. வயசாச்சுன்னு நெனச்சேன்." பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "நீங்க எழுதி ஒட்டியிருந்தீங்க. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு நர்ஸுக்கு போன் செய்தேன். குழாயின் படத்தையும் அனுப்பினேன். முந்தைய நாள் பேசியதற்கு மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை.

"சூப்பரா வந்திருக்கு சார் போட்டோ. எங்க டாக்டருக்குக் காமிக்கிறேன். இப்ப போன வச்சுட்டு ரெண்டு முட்டைய வேக வைங்க."

"முழுசா குடுக்கலாமா?"

"வெள்ளைய அம்மாவுக்கு. மஞ்சள்ல பாஸ்பரஸ் இருக்கு, அம்மாவுக்கு ஆகாது. அத நீங்க சாப்பிடுங்க. தண்டனை."

தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இந்த ஊர்க்காரர். இன்று வீடுகள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் அவர் குடும்பம் பயிர் வைத்திருந்தது. முப்பது முட்டை கொண்ட அட்டை ஒன்று கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டு வருசமா முட்டை பக்கமே வரல. இப்ப அட்டையோட கேக்கறீங்க. கோழி மேல கோவம் தீந்துச்சா?"

"தீந்துடுச்சு."

"வூட்ல அம்மா எப்படிகீறாங்கோ?"

"இனிமே நல்லா இருப்பாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே உறுதியில்லை என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளைக் கிழித்தேன். நோட்டில் எழுதியிருந்த முடிவை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கீழே சரியான முடிவை எழுதித் தேதி போட்டேன்.

அந்த வாரம் டாக்டரைப் பார்த்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உடம்பிலுள்ள சவ்வு தாள்போல ஒரே அளவுத் துளைகள் கொண்டதல்ல என்றார். பெரும்பாலானவை சிறிய துளைகள். நடுவே சில பெரிய துளைகளும் உண்டு. நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது அவற்றின் வழியே புரதம் கொஞ்சங்கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். என் அரை மணி நேரச் சோதனை செலோபேனுக்குச் சரி. ஒரு நாள் முழுவதும் வடிந்த தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தோம். இவளுக்கு ஒரு நாளில் வெளியேறும் புரதம் எட்டு கிராம் என்று வந்தது.

முட்டையும் பருப்பும் மீனும் ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில் அவளுடைய எடை குறையத் தொடங்கியது. 54, 53, 52. நர்ஸுக்கு ஒரே நாளில் நான்கு முறை போன் செய்தேன். "நல்லதுதான் சார், தண்ணி எறங்குது. எடை மெஷின ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில தள்ளுங்க" என்றார். தள்ளினேன். ஜூலை 30 அன்று பரிசோதனை. அல்புமின் 3.0. போதாது, ஆனால் ஏறியிருக்கிறது, தொடரலாம் என்று டாக்டர் சொன்னபோது என் மனைவி கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஊசி இல்லையே?" என்று இருமுறை கேட்டாள். இல்லை என்று இருமுறை சொன்னார்.

கால் வீக்கம் வடிந்தபோது எடை ஐம்பதில் வந்து நின்றது. தண்ணீர் போக அவள் உடம்பில் உண்மையில் எவ்வளவு மிஞ்சியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது மாடிப்படி ஏழு ஏறுகிறாள். மொத்தம் பதினெட்டு. மீதியும் ஏறுவாள் என்று நர்ஸ் சொல்கிறார்; அவர் சொன்னால் இப்போது நான் நம்புகிறேன்.

யாராவது நான் சொல்வதை இல்லையென்று மறுத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. ஆனால் அதற்குப் பின்னாலேயே, அவர் சொல்வதைச் சோதித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அன்று எனக்கு ஆனது முக்கால் மணி நேரம். அதைப் பிப்ரவரியிலேயே செய்திருக்கலாம். தண்ணீரோடு போவது எப்படியும் போகும். அதைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டது மட்டும் என் வேலை. ஒரு நாள் உட்கார்ந்து அதையும் கணக்குப் போட்டேன். நாளுக்கு எட்டு கிராம், 136 நாள். ஒரு சொட்டு விடாமல் எடை பார்த்து, எழுதிவைத்து, என் கையாலேயே நான் கழிவறையில் கொட்டிய அவளுடைய உடம்பு ஆயிரத்து எண்பத்தெட்டு கிராம்.